கரிசலா, செம்மண்ணா, கம்மாய் மண்ணா? மதுரைப் பக்கம் வீடு கட்டுமுன் மண்ணைப் படிக்கும் முறை

ஐப்பசியில் சாத்த முடியாது, பங்குனியில் கையை எடுத்தால் தானே சாத்திக்கொள்ளும். கள்ளிக்குடிப் பக்கம் நான் மேற்பார்வை பார்த்துக் கட்டிய ஒரு வீட்டின் படுக்கையறைக் கதவு அது. ஆசாரி இரண்டு முறை வந்து இழைத்துக் கொடுத்தார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது கதவைத் தொடவே இல்லை. "கதவுல ஒண்ணும் இல்லண்ணே, நிலையே நகருது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறிய விரிசலில் கோடையில் ஐந்து ரூபாய்க் காசு போகும், அடைமழையில் நகம்கூட நுழையாது.

கம்பியிலும் சிமெண்டிலும் குறையில்லை. மேலூர்ப் பக்கம் செம்மண்ணில் கட்டிய வீடுகளுக்கு என்ன அஸ்திவாரம் போட்டேனோ, அதையே இங்கேயும் போட்டேன். வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி, கருங்கல் கட்டி, பெல்ட் கான்கிரீட் ஓட்டி, மேலே சுவர். மேலூர் வீடுகள் அசையாமல் நிற்கின்றன. இங்கே மண் கரிசல், மழையில் வீங்கிக் கோடையில் சுருங்கும் களி. தவறு முழுக்க என்னுடையது. அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் வரைபடம் போடும் முன்னால் நான் செய்வதை வரிசையாக எழுதுகிறேன். வீடு கட்டுபவர்களுக்கு மட்டுமல்ல, ஒன்றிரண்டு ஏக்கர் வாங்கி அதில் வீடும் தோட்டமும் கிணறும் வைக்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

மதுரையைச் சுற்றி என்ன மண்

தெற்கிலும் தென்மேற்கிலும் திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் கரிசல் அதிகம். மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் செம்மண்ணும் சரளையும். சோழவந்தான், வாடிப்பட்டி வழியாக வைகை வரும் பாதையில் ஆற்று வண்டல். யானைமலை, நாகமலை, திருப்பரங்குன்றம் அடிவாரங்களில் நாலடி தோண்டினாலே பாறை தட்டும். இதுபோக எல்லாத் திசையிலும் கம்மாய் (ஏரி) மண். இது மேலோட்டமான வரைபடம்தான். ஒரே ஊரில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் செவலாகவும் அந்தப் பக்கம் கரிசலாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஊர்ப் பெயரை வைத்து மண்ணை முடிவு செய்யக் கூடாது.

ஆனால் தண்ணீரைப் பற்றி ஊர்ப் பெயர் பொய் சொல்வது குறைவு. பீபீகுளம், ஆத்திகுளம், கோசாகுளம், உலகனேரி என்று மதுரையில் குளமும் ஏரியும் ஒட்டிய பெயர்கள் எத்தனை! 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் செல்லூர், பீபீகுளம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். குளம், ஏந்தல், ஊருணி என்று பெயர் முடிந்தால் கூடுதலாக நாலு கேள்வி கேளுங்கள்.

முதலில் தாள்

பட்டா சரியா, வில்லங்கம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அ-பதிவேட்டை (கிராமத்து நிலப் பதிவேடு) மண்ணுக்காகப் படிப்பதில்லை. அதில் புல எண், நன்செய் புன்செய் வகை, பாசன ஆதாரம் எல்லாம் தாண்டி 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு கலம் உண்டு. நடுவில் கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். பக்கத்திலேயே மண் தரம். தீர்வை போடுவதற்காக அந்தக் காலத்து நிலவரித் திட்டத்தில் வகுத்தது. கட்டடத்துக்கென்று எழுதியதல்ல என்றாலும், அக்கம்பக்கத்துப் புல எண்களோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்: உங்கள் நிலத்துக்கும் அடுத்ததற்கும் எண் மாறுகிறதென்றால் மண்ணும் மாறுகிறது. எண்ணுக்கு என்ன பொருள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புல வரைபடத்தில் வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை இருக்கின்றனவா என்று பாருங்கள். கிராம வரைபடத்தில் மேட்டுப்பக்கம் கம்மாய் எங்கே, அதன் கலுங்கில் வழியும் உபரித் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். நிலத்தில் வாய்க்கால் தூர்ந்து காணாமல் போயிருக்கலாம், தாளில் இருக்கும். தண்ணீர் தாளில் உள்ள வழியைத்தான் தேடி வரும். நன்செய்யை மனையாக்குவதற்கான அனுமதி தனிக் கதை. அது கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டு முறை நடந்து பாருங்கள்

சித்திரையில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை. இரண்டுக்கும் நேரமில்லை என்றால் கார்த்திகையை விடாதீர்கள். புரோக்கர்கள் நிலம் காட்டக் கோடையைத்தான் விரும்புவார்கள், கோடையில் எல்லா நிலமும் நல்ல நிலம்.

கோடையில் வெடிப்பைப் பாருங்கள். ஒரு நீளக் குச்சியை விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முழங்கை ஆழம் போனால் வீங்கிச் சுருங்கும் களிமண் என்று எடுத்துக்கொள்ளலாம். மழையில் செருப்பைப் பாருங்கள். பத்தடி நடப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்தால் கரிசல்.

அடுத்து பக்கத்து வீடுகள். வீட்டைவிட காம்பவுண்டுச் சுவரை உற்றுப் பாருங்கள். அதற்கு எடை குறைவு, அஸ்திவாரமும் ஆழமில்லை. மண் வீங்கும்போது முதலில் தூக்கப்படுவது அதுதான். சுவர் பாம்பு மாதிரி வளைந்திருக்கிறதா, கேட்டின் இரண்டு தூண்களும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருக்கின்றனவா, வாசல்படி வீட்டை விட்டுப் பிரிந்து நிற்கிறதா? இதெல்லாம் செலவில்லாத பரிசோதனை அறிக்கை.

ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுங்கள். பேரையூர் ரோட்டில் ஒரு நிலம் பார்க்கப் போனபோது, "ஐயா, இங்க மழைத்தண்ணி எத்தனை நாளு நிக்கும்?" என்று கேட்டேன். "மூணு நாளு நிக்கும் தம்பி. அந்தா அந்தப் பனைமரம் வரைக்கும் நிக்கும்" என்று கம்பை நீட்டிக் காட்டினார். வீட்டைப் பனைமரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தோம்.

சீமைக்கருவேலம் அடர்ந்திருந்து அண்மையில் வெட்டிச் சுத்தம் செய்த இடமா என்றும் கேளுங்கள். பல வருடம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்த மரம் போனதும் களிமண் மெல்ல மெல்ல ஈரம் ஏறி வீங்கும். ஒரு மழைக்காலமாவது விட்டு வைத்துவிட்டுக் கட்டுவது நல்லது.

குழி தோண்டிப் பார்த்தல்

முழு வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இது. ஜேசிபி அரை நாள் போதும். பத்து சென்ட் மனைக்கு இரண்டு குழி, ஏக்கர் கணக்கில் என்றால் மேடு, பள்ளம், நிறம் மாறும் இடம் என்று நாலைந்து. ஆழம் எட்டடி அல்லது பாறை தட்டும் வரை. பில்லர் வரப்போகும் இடத்தில் தோண்டாதீர்கள். குழியை மூடினாலும் அந்த மண் பழைய இறுக்கத்துக்கு வராது. ஆழக் குழிக்குள் ஆளை இறக்கவும் வேண்டாம், செங்குத்தாக நிற்கும் மண் முன்னறிவிப்பில்லாமல் சரியும். ஜேசிபி வாளியில் வருவதை அடி அடியாகத் தனித்தனிக் குவியலாகப் போடச் சொன்னாலே போதும்.

டி.கல்லுப்பட்டிப் பக்கம் தோண்டிய குழி ஒன்றை அப்படியே சொல்கிறேன். மேல் ஒன்றரையடி உழவு மண், பொலபொலவென்று வேரோடு. அதற்கடியில் நாலடி அசல் கரிசல். உடைத்தால் வெட்டுவாய் மெழுகு தேய்த்த மாதிரி பளபளத்தது. வீங்கிச் சுருங்கும்போது மண்கட்டிகள் ஒன்றோடொன்று உராய்ந்து வரும் மினுமினுப்பு அது. இதைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி தேவையில்லை. ஆறாவது அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் (சுண்ணாம்பு) கற்கள், முதலில் பட்டாணி அளவில், பிறகு எலுமிச்சை அளவில். எட்டடியில் வாளிப் பல் கிறீச்சிட்டது. மஞ்சள் கலந்த, கையால் நொறுக்க முடிகிற அளவுக்கு மக்கிய பாறை. அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது, பாறை என்றால் செலவு என்று நினைத்துவிட்டார். எனக்கோ நிம்மதி. அஸ்திவாரம் உட்கார இடம் கிடைத்துவிட்டது.

குவியல்களை ஃபோட்டோ எடுங்கள், ஆழத்தை அட்டையில் எழுதி மேலே வைத்து. ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ பையில் கட்டி வையுங்கள். குழியை ஒரு இரவு திறந்தே போட்டு மறுநாள் காலையில் அடியில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆடு, குழந்தை விழாமல் சுற்றி முள் போட மறக்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்யும் சோதனைகள்

கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில். களி மறுநாள் வரை கலங்கலாகவே நிற்கும். மூன்று அடுக்கின் உயரத்தையும் ஸ்கேலால் அளந்தால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கட்டை விரலும் ஒரு கருவிதான். ஈரக் களிமண்ணில் மிதமாக அழுத்தினால் பதிகிறதா? சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் தாங்கும் மண் என்று பழைய இந்தியத் தர நிர்ணயப் பட்டியல் கணக்கு வைக்கிறது. விரல் சில சென்டிமீட்டர் உள்ளேயே போனால் 5 டன். பலமாக அழுத்தினால்தான் பதிகிறது என்றால் 15. இதை வைத்து வீடு கட்டக் கூடாது, பரிசோதனைக்கு முன் ஒரு மனக்கணக்குக்கு மட்டும்.

கரிசல் சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெய்ச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2720 பகுதி 40-இல் சொல்லும் முறை இது. உலர்த்திப் பொடித்து மெல்லிய சல்லடையில் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு எடுத்து, 100 மில்லி அளவுக் குழாய் இரண்டில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். குச்சியால் கிளறி காற்றுக்குமிழியைப் போக்கி, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் களி வீங்காது, தண்ணீரில் வீங்கும். மண்ணெண்ணெய்க் குழாயில் மண் 10 மில்லியிலும் தண்ணீர்க் குழாயில் 17 மில்லியிலும் நின்றால் வீக்கம் 70 சதவீதம். 50-க்குக் கீழே என்றால் குறைவு, 50 முதல் 100 நடுத்தரம், 100 முதல் 200 அதிகம், 200-க்கு மேல் மிக அதிகம். கள்ளிக்குடி மண்ணைக் கதவு கெட்ட பிறகு போட்டுப் பார்த்தேன். 120.

ஆய்வக அறிக்கை

மண் இயக்கவியல் ஆய்வகம் உள்ள பொறியியல் கல்லூரிகளும் தனியார் நிறுவனங்களும் செய்து தருகிறார்கள். ஒரு சாதாரண வீட்டுக்கு நடுவில் ஒரு துளை போதும். ஏறக்குறைய ஓர் ஏக்கரில் பரவும் கட்டடம் என்றால் நாலு மூலையிலும் நடுவிலும் வேண்டும். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் 15-ஐ விட்டுவிட்டுக் கடைசி 30 செ.மீ.க்கான எண்ணிக்கைதான் அறிக்கையில் வரும் 'N' மதிப்பு. எண்ணும்போது பக்கத்தில் ஒரு சேர் போட்டு உட்காருங்கள். நீங்கள் உட்கார்ந்திருந்தால் எண்ணிக்கை ஒழுங்காக நடக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் தாங்குதிறன் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். அதன் பயன் என்ன என்று ஒரு சின்னக் கணக்கு: ஒரு தூணில் 30 டன் இறங்குகிறது, மண் சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் என்றால் ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் வரும் கான்கிரீட் பாதம்) 2 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்கு நாலேமுக்கால் அடி வேண்டும். 10 டன்தான் என்றால் 3 சதுர மீட்டர், பக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் அடி. எல்லா வீட்டுக்கும் 'நாலுக்கு நாலு' என்று மேஸ்திரி சொல்லும் கணக்கு எங்கே இடிக்கிறது என்று புரியும்.

ஆனால் கரிசலில் இந்த எண் ஏமாற்றும். சித்திரையில் துளை போட்டால் காய்ந்த கரிசல் கல் மாதிரி நிற்கும், எண் அழகாக வரும். கார்த்திகையில் அதே மண் களி உருண்டை. போதாக்குறைக்கு, கரிசலில் வீடு கெடுவது பெரும்பாலும் எடை தாங்காமல் அல்ல, கீழிருந்து தூக்கப்படுவதால். அதனால் வீக்கக் குறியீடு (மேலே சொன்ன வீக்கச் சதவீதம்), திரவ எல்லை (மண் குழம்பாகும் ஈர அளவு), நெகிழ்வுக் குறியீடு (மண் பிசையும் பதத்தில் இருக்கும் ஈர வீச்சு), நிலத்தடி நீர்மட்டம் நாலையும் கேட்டு வாங்குங்கள். மண்ணிலும் தண்ணீரிலும் சல்பேட், குளோரைடும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உப்புத்தண்ணீர் போர் உள்ள ஊர்களில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை.

எது எங்கே

இப்போதுதான் தாளில் கோடு போட வேண்டும். வீடு, மேட்டிலும் களி ஆழம் குறைந்த இடத்திலும். ரோட்டை ஒட்டித்தான் வீடு வேண்டும் என்பார்கள். ரோட்டோரம் எட்டடி கரிசல், உள்ளே அறுபதடியில் சரளை என்றால் நான் உள்ளே போகச் சொல்வேன். பாதைக்கு ஆகும் செலவு அஸ்திவாரத்தில் திரும்பி வரும்.

பண்ணைக்குட்டைக்கு நேர் எதிர்க் கணக்கு. வீட்டுக்கு ஆகாத கரிசல்தான் தண்ணீரை நிறுத்தும். செம்மண்ணில் வெட்டினால் தை பிறக்குமுன் காலியாகிவிடும்.

செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழிக்கு ஓரடிக் குழி வெட்டி, முதல் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் மறுபடி ஊற்றி மட்டம் இறங்குவதை அளங்கள். அரை மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் அங்கே உறிஞ்சுகுழி உதவாது. மழைநீர் சேகரிப்புக் குழிக்கும் இதே கதைதான். கரிசலில் சடங்குக்கு நாலடிக் குழி வெட்டி ஜல்லி கொட்டினால் அஸ்திவாரத்துக்கு நாமே தண்ணீர் காட்டுகிறோம். வீட்டை விட்டுத் தள்ளி, கீழே மக்கிய பாறை வரை துளை இறக்குங்கள்.

விவசாயத்துக்கு வைக்கும் பகுதிக்குத் தனி மாதிரி. வரப்பு, மரநிழல், குப்பைமேடு தவிர்த்து வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் சீராகச் சுரண்டுங்கள். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து எதிரெதிர்க் கால்பங்கை ஒதுக்கிக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். அதை வேளாண் துறை மண் பரிசோதனை நிலையத்திலோ ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலோ கொடுக்கலாம். மண்வள அட்டையில் 12 அளவுகள் வரும். கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டினால் பயிர் தேர்வு செய்யுமுன் வேளாண் அலுவலரைப் பாருங்கள். மல்லிகைத் தோட்டம் ஆசை என்றால் வடிகால் உள்ள செவல் பகுதியை அதற்கு விட்டு வையுங்கள். தண்ணீர் தேங்கும் கரிசலில் மல்லி அழுகும். பருத்தியும் சோளமும் கரிசலில் தானாக விளையும். மனைக்குள் எங்கே தோண்டினாலும் மேல் ஓரடி மண்ணைத் தனியாக ஒதுக்கித் தோட்டத்துக்கு அனுப்புங்கள். அதைப் பேஸ்மட்டத்தில் கொட்டுவது பாவம்.

அஸ்திவாரம்

செம்மண், சரளையில் சொல்ல அதிகமில்லை. உறுதியான மண் வரும் வரை தோண்டி, வழக்கமான ஃபுட்டிங், வேலை முடிந்தது. வண்டலில் மணல் அடுக்கும் களி அடுக்கும் மாறி மாறி வரும், நீர்மட்டமும் மேலேயே இருக்கும். ஆய்வகத் துளையை நம்புங்கள், தூண்களைப் பீம்களால் நன்றாகப் பிணையுங்கள். பாறைச் சரிவில் பாதி வீடு பாறையிலும் பாதி மண்ணிலும் உட்காரவிடாதீர்கள். மண்ணில் உள்ள பாதி மட்டும் இறங்கும். நிரப்பிய மண் எத்தனை அடி இருந்தாலும் அதைத் தாண்டி இயற்கை மண்ணுக்குப் போங்கள்.

கரிசலுக்கு மூன்று வழி. சரளையோ மக்கிய பாறையோ எட்டடிக்குள் இருந்தால் தூண்களை அங்கே வரை இறக்கிவிடுங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் இதுதான் சிக்கனம். களி ஆழமாகப் போனால் அண்டர் ரீம்டு பைல். ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்காக வளர்த்தெடுத்த முறை. கையால் சுழற்றும் துளைக்கருவியால் (ஆகர்) துளையிட்டு அடியில் துளையின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு குமிழ் விரிப்பார்கள். மண் மேலே தூக்கினாலும் அந்தக் குமிழ் நங்கூரம் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஆழக் கரிசலில் நீளம் 3.5 மீட்டருக்குக் குறையக் கூடாது, ஈரம் ஏறி இறங்கும் மண்டலம் ஏறக்குறைய அதுவரை. களி மூன்று நாலடிதான் என்றால் முழுக்க வழித்தெடுத்துவிட்டு வீங்காத கிராவலால் நிரப்புவது மூன்றாவது வழி.

களி அடியில் இருக்கும் முதல் இரண்டு வழியிலும் பீமுக்கு அடியில் 8 செ.மீ. காலியிடம் விட வேண்டும். கொத்தனார் இதற்குச் சம்மதிக்கவே மாட்டார். "பீமு அந்தரத்துல நிக்கிதே சார்" என்பார். அந்தரத்தில்தான் நிற்க வேண்டும், மண் எழும்ப இடம் அது. ஓரத்தில் மண் சரிந்து அடைக்காமல் செங்கல்லை நிறுத்தி மறைத்துவிடுங்கள்.

வானத்தில் மணல் நிரப்பினால் கரிசல் அடங்கும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. சுற்றிலும் தண்ணீர் இறங்காத களி, நடுவில் மணல் என்றால் அது தொட்டி. மழைத்தண்ணீர் அதில் வந்து தங்கிக் களியை நிதானமாக ஊறவைக்கும். கொஞ்சம் களிப்பிடிப்புள்ள கிராவலை அரையடிக்கு மேல் போகாத அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசால் இடித்து இறுக்குங்கள்.

பேஸ்மட்டம் நிரப்ப லாரி வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். கிராவல் என்று பேசிவிட்டு அடியில் கம்மாய்க் கரம்பையை (கம்மாயில் படிந்த களிமண்) போட்டுக் கொண்டு வருவது உண்டு. கரம்பை வயலுக்கு அமுதம், பேஸ்மட்டத்துக்கு விஷம். ஒரு பிடி நனைத்து உருட்டி நூலாகத் திரியுங்கள். மெல்லிசாக நீண்டுகொண்டே போனால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

கட்டிய பிறகு

கரிசலில் வீட்டைச் சுற்றி ஐந்தாறு அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் தளம் போடுங்கள். மாடித் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் அந்தத் தளத்தைத் தாண்டித்தான் விழ வேண்டும். வேம்பு, புங்கை எல்லாம் அதன் முழு உயரம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி.

கள்ளிக்குடி வீட்டில் பிறகு செய்ததும் இதுதான். குளியலறைக் குழாய் சுவரோரம் வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. வாழையைத் தூக்கிப் பின்கட்டுக்கு மாற்றினோம். சுற்றிலும் ஆறடித் தளம் போட்டோம். விரிசலை உடனே பூசவில்லை. அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போட்டுவிட்டு இரண்டு வருடம் பார்த்தோம். போன பங்குனியில் போய்ப் பார்த்தபோது விரிசல் கோட்டைத் தாண்டியிருக்கவில்லை. கதவு ஐப்பசியில் இன்னும் லேசாக உரசுகிறதாம். ஆசாரியைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.